முன்சக்கரத்துச் சத்தம்

ஹரிபாபு வேலை முடிந்து வருவது, அவன் கண்ணில் படுவதற்கு முன்பே அந்த லைன்வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையிலிருந்து வரும் கம்பெனி பஸ் அவனைக் காளஹஸ்தி பைபாசில் இறக்கிவிடும். அங்கே டீக்கடை ஓரத்தில் பூட்டி வைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு, சுவர்ணமுகிக் கரையை ஒட்டிப் போகிற கல்லுப் பாதையில் வருவான். பாதை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் முன்சக்கரத்துப் பக்கமிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கிளம்பும். கட்டையால் கதவில் ஒரு போடு போட்டதுபோல இருக்கும். அடுத்த வீட்டு ரமணாவின் நாய் அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போய்க் குரைப்பதைக்கூட விட்டுவிட்டது.

அது மலைப்பாதையில் ஓட்டுகிற ரகத்துக் கியர் சைக்கிள். திருப்பதியில் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் போன மாணவன் ஒருவனிடமிருந்து ரமணா பிடித்துக் கொடுத்தது. தடித்த டயர். முன்சக்கரத்தைத் தாங்குகிற போர்க்கில் இரண்டு பக்கமும் ஷாக் உண்டு. குழியில் இறங்கினால் அமுங்கும், ஏறினால் எழும்பும். வந்த புதிதில் சத்தமே கிடையாது. வெயில்காலத்தில் லேசாக ஆரம்பித்தது, கார்த்திகை மழையில் பாதை இன்னும் கெட்டதும் தெருக்கோடி வரை கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

"அந்த சைக்கிள எங்கனா காட்டுன்னு எத்தினி தபா சொல்றது? ஒரு நாளு ஹேண்டில் கயண்டு கையோட வரப்போவுது" என்பாள் தேன்மொழி, அவன் மனைவி.

"இன்னா ஆச்சி சைக்கிளுக்கு? நல்லாத்தான கீது."

"டொக்கு டொக்குன்னு அடிச்சிகினு கீது, நல்லாக் கீதாமே!"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உனுக்கு வேற வேலையில்ல."

பேச்சு அதோடு முடிந்துவிடும். கொஞ்ச காலமாகவே அவன் பேச்சை இப்படித்தான் வெட்டி முடித்தான். தேன்மொழி அடுப்படியிலிருந்து எதையாவது கேட்டால் பதில் வராது. மறுபடி கேட்டாலும் வராது. அவள் கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றால் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "இன்னா?" என்பான். டிவியை வைத்தால் பக்கத்து வீட்டுச் சுவர் அதிரும். குறைத்தால் முகம் சுளிப்பான். கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவள் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு பேச்சுக்கும் இரண்டு பேச்சுப் பதில் பேசியவன்தான் அவன். பாப்பா பிறந்த பிறகு தான் இளைத்துக் கறுத்துப்போனதால் அவனுக்குத் தன்மேல் பிடிப்பு விட்டுப்போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கம்பெனியில் பெண்களும் வேலை செய்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் நினைக்க அவள் துணியவில்லை.

அவள் ஆற்றங்கரையில் கலம்காரித் துணிக் கொட்டகையில் கூலிக்குப் போனாள். வெள்ளைத் துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து காயப்போட வேண்டும். மற்றவர்கள் எழுதிச் சாயமேற்றிய துணியை ஓடுகிற தண்ணீரில் முழங்கால் ஆழத்தில் நின்று அலச வேண்டும். மழைக்காலத்தில் துணி காயாது. ஈரப் பால்வாடை புடவையில், தலைமயிரில், சோற்றில்கூட ஒட்டிக்கொண்டு வரும். அந்த வாடைதான் அவனைத் தள்ளி வைக்கிறதோ என்றும் ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. அன்று வீட்டுக்கு வந்ததும் சீயக்காய் தேய்த்துத் தலைக்குக் குளித்தாள்.

அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் பாப்பாவைப் பார்த்துக்கொண்டது ஹரிபாபுவின் அப்பா சின்னப்பன். குடிபாலா பக்கத்தில் கரும்பு வெட்டியும் வெல்லம் காய்ச்சியும் காலம் தள்ளியவர். கரும்புக் கட்டோடு வழுக்கி விழுந்ததில் இடுப்பு போயிற்று. மனைவி இறந்தபின் மகனோடு வந்துவிட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும், எழுந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடை. அதனால் எதற்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிடுவார்.

அந்தச் சனிக்கிழமை மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. ஹரிபாபு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். சின்னப்பன் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"டேய் ஹரி, அந்த எண்ணெய சுட வெச்சி எட்தாந்து குடு. இடுப்பு கொடையுது."

அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், உன்னத்தான்."

அவன் துண்டை உதறிப் போட்டுவிட்டு வெளியே போய்ச் சைக்கிளில் படிந்த சேற்றைக் கழுவ ஆரம்பித்தான். சுவரைப் பிடித்து எழுந்த சின்னப்பன், ஆணியில் தொங்கிய பையை எடுத்து வேட்டிகளை அடைத்தார். கொட்டகையிலிருந்து வந்து படியேறிய தேன்மொழி அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா மாமா இது?"

"நான் குடிபாலாவுக்கே போறம்மா. அங்க ஒண்ட எடம் இல்லன்னாலும் கோயிலாண்ட படுத்துக்கறன். பெத்த நைனா கூப்புட்டா, நாய் கொலச்சா மாதிரிகூட திரும்பிப் பாக்கறதில்ல. நானும் ரொம்ப நாளா பாத்துகினுதான் கீறன்."

"உங்ககிட்ட மட்டுமா மாமா? என்கிட்டயும் அப்பிடித்தான்."

"உனுக்கு வேற போக்கில்ல. எனுக்கு கீது."

அவள் பையை வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். "நாளைக்கு லீவு. உக்கார வெச்சிப் பேசிக்கலாம். சோறு துன்னுங்க மொதல்ல" என்றாள். அவர் சாப்பிடவில்லை. பாப்பா அவருடைய தட்டிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பேச்சு எடுக்குமுன் ரமணா ஸ்பேனரோடு வந்துவிட்டான். சின்ன லோடு வண்டியில் திருப்பதிக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவன். தெலுங்கும் தமிழும் அவன் வாயில் ஒன்றாகவே வரும்.

"ஒரேய் ஹரி, நீ சைக்கிள் சப்தம் நாகு நித்ரலோ கூட வஸ்துந்திரா, தூக்கத்துல கூட கேக்குது. இன்னிக்கி அத்த பாத்துடலாம்."

சக்கரத்து நட்டை இறுக்கினான். மட்கார்டை இறுக்கினான். ஹேண்டிலுக்குக் கீழே ஸ்டீரிங் கப்பை அரைச் சுற்று இறுக்கிவிட்டு, தெருவில் ஓட்டிப் பார்த்தான். முதல் குழியிலேயே 'டொக்'.

"அய்யய்யோ, அப்பிடியேதான் கீது."

"எங்க? ஒண்ணும் இல்லியே" என்றான் ஹரிபாபு.

ரமணா சிரித்துவிட்டான். சின்னப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "பாத்தியா ரமணா? கண்ணெதிருக்க அடிக்கிற சத்தத்த இல்லன்றான். எதச் சொன்னாலும் இல்ல. அவ்ளோ வீம்பு" என்றார்.

திருப்பதியில் கியர் சைக்கிள் மட்டும் பார்க்கிற கடை ஒன்று இருக்கிறது, நான் இப்போது லோடுக்குத்தான் போகிறேன், ஏற்றிக்கொண்டு போகலாம் என்றான் ரமணா. ஹரிபாபு மழையைக் காட்டினான், பஞ்சரில்லாத டயரைக் காட்டினான். தேன்மொழி விடவில்லை. பாப்பாவைத் தாத்தாவிடம் விட்டுவிட்டுத் தானும் வருகிறேன் என்றாள். வழியில் அவனோடு பேச வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். ஆனால் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்த வண்டியில், இன்ஜின் இரைச்சலில், ஒன்றும் பேச முடியவில்லை. அவன் ரேணிகுண்டா வரைக்கும் மலைமேல் இறங்கியிருந்த மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கடைக்காரன் ஜெபகுமார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். மனைவிக்கு இங்கே வேலை கிடைத்ததால் ஊர் மாறி வந்தவன். கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் சைக்கிள்கள் தலைகீழாகத் தொங்கின, பின்னாலிருந்து குக்கர் விசில் கேட்டது. அவன் முன்சக்கரத்தைத் தூக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டியதுமே தலையை ஆட்டினான்.

"கேட்டுட்டு, கேட்டுட்டு. ஆனா அண்ணாச்சி, சத்தம் கேக்கது பெரிசில்ல. அது எங்கேருந்து வருதுன்னு பிடிக்கதுதான் வேலை. பிரேக் கட்டை ஆடுனாலும் டொக்குதான். ஆக்சில் ஆடுனாலும் டொக்குதான். ஸ்டீரிங் கப்பு, ஷாக்குக்குள்ள இருக்க புஷ்ஷு, எது போனாலும் கேக்கதுக்கு ஒண்ணு மாதிரியேதான் இருக்கும். ஒவ்வொண்ணா கழிச்சிக்கிட்டே வரணும்."

முன்பிரேக்கை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் பக்கவாட்டில் அசைத்தான். ஆடவில்லை; ஆக்சில் இல்லை. ஹேண்டிலை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் உலுக்கினான். சத்தமில்லை.

"கப்பு நல்லாத்தான் இருக்கு. யாரோ இப்பதான் இறுக்கிருக்காவ, அது தேவையே இல்ல. இப்ப ஷாக்கைப் பாப்போம். அண்ணாச்சி, இப்படி வாங்க. நான் பிரேக்கைப் பிடிச்சி ஆட்டுதேன். நீங்க குனிஞ்சி, இந்த பைப்பு உள்ள போற எடத்துல காதை வச்சிக் கேளுங்க. இடப்பக்கமா, வலப்பக்கமான்னு சொல்லுங்க."

ஹரிபாபு ஒரு கணம் தயங்கினான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது காதை ஷாக்கின் பக்கம் கொண்டுபோனான். ஜெபகுமார் பிரேக்கைப் பிடித்து சைக்கிளை உலுக்கினான். 'டொக்'. வாசலில் நின்ற தேன்மொழிக்கே அது தெளிவாகக் கேட்டது.

"எந்தப் பக்கம்?"

ஹரிபாபு ஜெபகுமாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தப் பக்கம்" என்று வலதைக் காட்டினான்.

"வலப்பக்கமா? அந்தக் காதை வச்சிக் கேளுங்க." மறுபடி உலுக்கினான். "இப்ப?"

இந்த முறை ஜெபகுமார் குனிந்து பிரேக் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவன் முகம் ஹேண்டிலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஹரிபாபு பதில் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, இப்ப கேக்கா?"

ஜெபகுமார் தொடர்ந்து உலுக்கினான். டொக், டொக், டொக். சைக்கிள் மொத்தமும் அதிர்ந்தது. ஹரிபாபுவின் காதுக்கும் அந்த இரும்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. அவனோ சும்மா தரையில் கிடந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். யாரோ எப்போதோ ஆரம்பிக்கப்போகிற ஒன்றுக்காகக் காத்திருப்பவன்போல இருந்தது அவன் முகம்.

தேன்மொழி ஓரடி உள்ளே வந்தாள். "பாப்பா நைனா" என்று கூப்பிட்டாள். அப்படித்தான் அவனைக் கூப்பிடுவாள். அவன் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் சொல்லாத அவன் பெயரைச் சொல்லி, "ஹரிபாபு!" என்று கத்தினாள். ஜெபகுமார் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பக்கத்தில் பலகைமேல் பெரிய ஸ்பேனர் ஒன்று இருந்தது. அவள் அதைக் கையால் தள்ளிவிட்டாள். சிமெண்டுத் தரையில் அது விழுந்த ஓசையில் உள்ளேயிருந்து ஜெபகுமாரின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

ஹரிபாபு மட்டும் அசையவில்லை. ஜெபகுமார் எங்கே பார்க்கிறான் என்று பார்த்து, அதற்கப்புறம்தான் மெல்லத் திரும்பினான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். தரையில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

ஜெபகுமார் அவன் கையைப் பிடித்து, இரண்டு விரல்களை பைப்பும் ஷாக்கும் சேருகிற இடத்தில் வைத்து அழுத்தினான். முகத்துக்கு நேராகப் பார்த்து, "தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. விரல்ல தெரியும்" என்றான். உலுக்கினான்.

ஹரிபாபுவின் கண்கள் விரிந்தன. "ஆமா" என்றான். "அடிக்குது. உள்ள ஆடுது."

"அதுதான். புஷ்ஷு தேஞ்சி போச்சி."

இந்த ரகத்து ஷாக்குக்கு உள் சாமான் தனியாகக் கிடைக்காது, வேறு சைக்கிளில் கழற்றி வைத்த நல்ல போர்க் ஒன்று இருக்கிறது, அதை மாட்டித் தருகிறேன் என்றான் ஜெபகுமார். ஒரு மணிநேரம் ஆகும். நீங்கள் இருவரும் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அவர்களை வெளியே அனுப்பினான்.

டீக்கடையில் மொட்டைத் தலைகளோடு மலையிலிருந்து இறங்கியவர்கள் கூட்டமாக நின்றார்கள். தேன்மொழிக்குக் கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. எல்லாமே கிசுகிசுவென்று, காதோடு காதாகக் கேட்க வேண்டியவை. அப்படிக் கேட்டால் அவனுக்குக் கேட்காது. உரக்கக் கேட்டால் ஊருக்கே கேட்கும். அவள் அவனை இழுத்துக்கொண்டு போய், மூடிக்கிடந்த ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தி, அவன் முகத்துக்கு நேரே நின்றாள்.

"எப்பலேருந்து?"

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். இத்தனை நாள் அவன் தன் முகத்தைப் பார்த்ததெல்லாம் இதற்குத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"சோத்தாங்கை காது சின்ன வயசுலேருந்தே மந்தம். அது உனுக்குத் தெரியாது, யாருக்கும் சொன்னதில்ல. ஒரு காது நல்லாருந்துச்சி, அத்த வெச்சி ஓட்டிகினு இருந்தன். பிரெஸ் செக்ஷன்ல போட்டாங்க இல்ல, தகடு அடிக்கிற மிஷினு. நாள் பூரா இடி வியுந்தா மாதிரி இருக்கும். மொதல்ல ஊட்டுக்கு வந்தப்புறம் காதுக்குள்ள வண்டு கத்தும். அப்புறம் காலையிலயும் கத்துச்சி. நீ பாப்பாவ சொமந்துகினு இருந்தப்பவே தொடங்கிட்டுது."

"காதுல வெச்சிக்க ஏதும் தரலியா?"

"பஞ்சு மாதிரி ஒண்ணு தருவாங்க. அத்த வெச்சா கம்பெனிக்குள்ள லோடு வண்டி வர்ற ஆரன் கேக்காது. பின்னால லோடோட வந்து இடிச்சிடுவான். அதனால எடுத்துடுவோம்."

"வருசா வருசம் டெஸ்டு பண்றாங்கன்ன?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "காதுல மாட்டி உட்டு, சத்தம் வந்தா கையத் தூக்குன்னுவாங்க. பட்டன அமுக்கறப்ப டெஸ்டு பண்ற பொண்ணோட தோளு ரவ அசையும். அத்தப் பாத்துத் தூக்குவன். பாஸ்."

"என்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல? நான் இன்னா இன்னாவோ நெனச்சன்... உனுக்கு வேற யாரோ..."

கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவள் தலை குனிந்துவிட்டது. அவனுக்கு அது கேட்கவில்லை. அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "இன்னா சொன்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

"சொன்னா வேலைய உட்டு எடுத்துடுவாங்க தேனு. நைனாவுக்குத் தெரிஞ்சா ஒடிஞ்சிபூடுவாரு. எப்பிடியாவது மூடிகினு ஓட்டிடலாம்னு பாத்தன்."

மழை வலுத்தது. தகரத்தின்மேல் அது விழுகிற இரைச்சலில் அவளுக்கே அவன் குரல் சரியாகக் கேட்கவில்லை. அவன் அவள் முகத்துக்கு இன்னும் கிட்டத்தில் வந்தான்.

"ஒண்ணு கேக்கட்டா? பாப்பா காதோரம் கெடந்து அழுதா கேக்குது. ஆனா அது பேசறது கேக்கல. சன்னமா இருக்கும்போல. என்னப் பாத்து ஏதோ சொல்லுது, வாயசைவு தெரியுது. நைனான்னுதான சொல்லுது?"

"ஆமா. நைனான்னுதான்."

"எப்பிடி இருக்கும் அதோட கொரலு?"

தேன்மொழி யோசித்தாள். உன்னைப் போலவா, என்னைப் போலவா, செத்துப்போன உன் அம்மாவைப் போலவா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். "நல்லாருக்கும்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் பார்க்கும்படியாகவே அழுதாள்.

காளஹஸ்திக்குத் திரும்பியபோது பொழுது சாயவில்லை. பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். ஹரிபாபு புதுப் போர்க் மாட்டிய சைக்கிளைக் கல்லுப் பாதையில் ஓட்டிப் பார்க்கப் போனான். தேன்மொழி சின்னப்பனின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் முடித்ததும் அவர் வாயைத் திறந்தார்.

"இத்தினி நாளா வாய்க்கு வந்ததயெல்லாம் போட்டுத் திட்டிகினு இருந்தனே. பொறம்போக்குன்னன். அவங்காத்தா கூடப் போய்ச் சேந்திருக்கலாம்னன். அதுவுமா கேட்டிருக்காது?"

"கேட்டிருக்காது மாமா."

"அது ஒண்ணாவது நல்லது."

அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த பையைக் கொண்டுவரச் சொல்லி, வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கொடியில் போட்டார். அன்று மாலை ஹரிபாபு எந்தச் சத்தமும் இல்லாமல் வந்து வாசலில் நின்றான். அவர் கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, அவனுக்கு எதிரில் போய் நின்று, "துன்னியா?" என்று கேட்டார். அவன் தலையாட்டினான். அவ்வளவு கேட்பதற்காக அவர் அத்தனை தூரம் நடந்து வந்ததை அவன் பார்த்தான்.

தேன்மொழி சொல்லிச் சொல்லித்தான் அவன் சூப்பர்வைசரிடம் போனான். பிரெஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போடுங்கள், காது சரியில்லை என்றான். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. தோளில் தட்டிக்கொடுத்தார். தெலுங்கில் நிறையச் சொன்னார். ஆனால் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார், பாதிப் பேச்சைத் திரும்பி மிஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஹரிபாபு எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தான். இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று வீட்டில் சொன்னான். தேன்மொழி அன்று சேமியா காய்ச்சினாள்.

மறுநாள் கேட்டில் அவன் கார்டை வைத்தபோது கதவு திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். பின்னால் வரிசை நீண்டது. என்ன கத்தினார்களோ, அவனுக்குத் தெரியவில்லை. செக்யூரிட்டி வந்து அவனை ஓரமாக நிறுத்தி, நேருக்கு நேராகப் பார்த்து நிதானமாகச் சொன்னார். காண்ட்ராக்டில் உன் பெயரை எடுத்துவிட்டார்கள், நேற்றே உன்னிடம் சொல்லியாயிற்றாமே. அவன் திரும்பி ரோட்டுக்கு வந்தான். கம்பெனி பஸ்ஸில் இனி ஏற முடியாது என்பதால் ஷேர் ஆட்டோக்கள் மாறி மாறி வந்து சேர்ந்தான். பைபாஸ் டீக்கடையில் சைக்கிளை எடுத்தவன் அதில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்து வந்ததை, ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்த தேன்மொழி தூரத்திலிருந்து பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையிலிருந்த துணி தண்ணீரோடு நாலு முழம் போனபிறகுதான் எட்டிப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு அவன் ரமணாவின் வண்டியில் மூட்டை ஏற்ற இறக்கப் போனான். மார்க்கெட்டில் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஒருவன் தக்காளியை எறிந்து கூப்பிட்டான். ரமணா எறிந்தவன் சட்டையைப் பிடித்துச் சண்டைக்குப் போனான்.

மார்கழி தொடங்குமுன் ரமணாவே அவர்களைத் திருப்பதியில் காது ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனான். சின்னப்பனும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். அதனால் பாப்பாவையும் தூக்கிக்கொண்டார்கள். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். இந்த முறை ஹரிபாபு யாருடைய தோளையும் பார்க்கவில்லை. கேட்டதற்கு மட்டும் கையைத் தூக்கினான். அந்தக் கை பெரும்பாலும் மடியிலேயே கிடந்தது.

"வலது காது எப்பவோ போயிருக்கு. இடது காது நரம்பு தேஞ்சிடுச்சி. போனது திரும்பி வராது. மிச்சத்தக் காப்பாத்திக்கணும்" என்றார் டாக்டர். காதில் கேட்கிற மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும். அரசாங்க முகாமில் கொடுக்கிறார்கள், எழுதிப் போடுகிறேன், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இப்போதைக்கு, உபயோகப்படுமா என்று பார்க்க, இங்கே இருக்கிற மிஷினை ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி அவரைக்கொட்டை அளவுக்கு இருந்த அதை அவன் இடது காதில் பொருத்தி, எதையோ திருகினாள். ஹரிபாபு விதிர்த்துப்போனான். மேலே மின்விசிறியைப் பார்த்தான். நாற்காலி இழுபட்ட ஓசைக்குத் திரும்பினான்.

"மழையா பெய்யுது?" என்றான். சொன்னவன் தன் குரலையே கேட்டு மிரண்டான். "நான் இவ்ளோ சத்தமாவா பேசறன்?"

"ஆமா" என்றாள் தேன்மொழி, சிரிப்பும் அழுகையுமாக. "ரொம்ப நாளா."

அவள் சொன்னது அவனுக்குக் கேட்டது. அவள் உதட்டைப் பார்க்காமல் கேட்டது. அவன் சட்டென்று பாப்பாவைப் பார்த்தான். சின்னப்பன் அவளைத் தூக்கி அவன்முன் நிறுத்தினார்.

"சொல்லும்மா கண்ணு. நைனான்னு சொல்லு."

பாப்பா வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். கண்ணாடி அறையைப் பார்த்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஊட்ல ஓயாம பேசுவியே. சொல்லு, நைனா..."

தேன்மொழி கெஞ்சினாள். ரமணா பூனைபோலக் கத்திக் காட்டினான். அந்தப் பெண் ஒரு சாக்லெட்டை நீட்டினாள். அதைப் பார்த்து இன்னும் மிரண்டு, பாப்பா தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஹரிபாபு அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். "பரவால்ல, பயப்படுது, உட்டுடுங்க" என்றான். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்பதுபோல ஒருமுறை அவனைப் பார்த்துவிட்டு, மிஷினை மெல்லக் கழற்றி, பஞ்சால் துடைத்து, அதன் டப்பாவில் வைத்து மூடினாள்.

தெருவுக்கு வந்தார்கள். மழை விட்டிருந்தது. கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப சாமிகள் கூட்டம் ஒன்று சாலையை நிறைத்துப் போய்க்கொண்டிருந்தது. ரமணா வண்டியை எடுக்க ஓடினான். ஹரிபாபு யாரையும் பார்க்க விரும்பாதவன்போல விறுவிறுவென்று முன்னால் நடந்தான். பாப்பா தாத்தாவிடம் தாவியிருந்தாள். பயம் தெளிந்து, போகிற வருகிற வண்டிகளையெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு வந்தவள், கூட்டத்துக்குள் மறையப் போகிற முதுகைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"நைனா" என்றாள். பிறகு இன்னும் உரக்க, "நைனா, வா!"

முதுகு போய்க்கொண்டே இருந்தது. தேன்மொழி அவனைத் தொட்டு நிறுத்த ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் சின்னப்பன் அவளைக் கடந்து போய்விட்டார். ஒரு கையில் பேத்தி, ஒரு கையால் இடுப்பு. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு, "ஜருகண்டி, ஜருகண்டி" என்று கத்திக்கொண்டு போனார். ஒரு சாமியின் இருமுடியில் தோள் பட்டது. நிற்கவில்லை. மகனைத் தாண்டி இரண்டடி போய்த் திரும்பி, அவன் வழியை மறித்து நின்றார். மூச்சு இரைத்தது. வலியில் முகம் கோணியிருந்தது. பேத்தியை இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"சொல்லும்மா. இப்ப சொல்லு."

பாப்பா சொன்னாள். ஹரிபாபு அந்தச் சின்ன உதடுகள் குவிந்து விரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னொரு தபா" என்றான். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. போய்க்கொண்டிருந்த சாமிகளில் இரண்டு மூன்று பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.